இறுக்கிக் கட்டினால் பல் சீக்கிரம் வருமா?

கேள்வி: நாங்கள் வெள்ளிமலைப் பக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மேல்வரிசை எத்திக்கொண்டும், கோரைப்பல் இரண்டும் வரிசைக்கு வெளியே ஏறியும் இருந்ததால் கள்ளக்குறிச்சியில் கிளிப் போட்டிருக்கிறோம். அதற்காக மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு நல்ல பற்களை எடுத்தார்கள். இரண்டு வருடம் ஆகும் என்கிறார் டாக்டர். மாதம் ஒரு முறை டைட் வைக்க, அவளைக் கூட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் இறங்கி வருகிறேன். எனக்கு அன்றைய வேலை போகிறது, அவளுக்குப் பள்ளி போகிறது. நாற்காலியில் அவள் உட்காருவதோ பத்து நிமிடம். சின்னசேலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, "ஒரேயடியா நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுக்கா, ஆறு மாசத்துல முடிஞ்சிடும். மாசாமாசம் வரச் சொல்றதெல்லாம் ஃபீஸுக்குத்தான்" என்கிறான். அவன் சொல்வது சரியா? ஏன் கொஞ்சம் கொஞ்சமாகவே இறுக்குகிறார்கள்?

– ஒரு தாய், கல்வராயன்மலை

பதில்: அம்மா, இந்தச் சந்தேகம் வராத பெற்றோர் குறைவு. ஆனால் கணக்கோடு சந்தேகப்படுகிறவர் உங்கள் தம்பி ஒருவராகத்தான் இருப்பார். இரும்போடு பழகியவருக்கு இப்படித் தோன்றுவது இயல்பு. போல்ட்டை ஒரு சுற்றுத் திருகினால் ஒரு மரை அளவு நகரும், இரண்டு சுற்றுக்கு இரண்டு மரை. பட்டறையில் அந்தக் கணக்கு பிசகாது. வாய்க்குள் அது தலைகீழாகிவிடுகிறது. ஓர் அளவுக்கு மேல் இறுக்கினால், வந்துகொண்டிருந்த பல்லும் நின்றுவிடும். காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். ஃபீஸ் விஷயத்துக்கும் வருகிறேன், தப்பித்து ஓடமாட்டேன்.

பல் என்பது எலும்பில் அடித்த ஆணி, கம்பி அதைப் பிடித்து எலும்பைக் கிழித்துக்கொண்டு இழுத்து வருகிறது: பலர் மனத்தில் இருக்கும் படம் இதுதான். அது உண்மையானால் தம்பி சொல்வதும் உண்மை. அதிக பலம், அதிக வேகம்.

உங்கள் மேல் முன்பல் ஒன்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, முன்னும் பின்னும் லேசாக அழுத்திப் பாருங்கள். மயிரிழை அளவுக்கு அது இணங்கிக் கொடுப்பது விரலுக்குத் தெரியும். ஆட்டம் கண்ட பல் இல்லை, நல்ல பல்லே அப்படித்தான். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பியிருப்பது பெரியோடான்டல் லிகமென்ட், அதாவது வேரைச் சுற்றிய நார்ப்படலம். வேரிலிருந்து எலும்புக்கு ஓடும் எண்ணற்ற நார்கள், அவற்றுக்கிடையே நுண்ணிய ரத்தக் குழாய்கள், நரம்புகள், கொஞ்சம் திரவம், வேலைக்குக் காத்திருக்கும் செல்கள். பல் எலும்பைத் தொடுவதே இல்லை. இந்தப் படலத்தில்தான் அது தொங்கிக்கொண்டிருக்கிறது.

பல்லை நகர்த்துவது இந்தப் படலம்தான் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. பல் விழுந்த இடத்தில் எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, மேலே பல் கட்டுகிறார்கள் அல்லவா, இம்ப்ளான்ட் என்று? அதில் கிளிப்பை மாட்டி எத்தனை மாதம் இழுத்தாலும் அது அசையாது. திருகு எலும்போடு நேராக ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடுவே படலம் கிடையாது. சிறுவயதில் அடிபட்டு, வேர் எலும்போடு ஒட்டிப்போன பல்லும் அப்படித்தான் அடம்பிடிக்கும். ஆனால் ரூட் கெனால் செய்து உள்நரம்பையே எடுத்துவிட்ட பல், கம்பி சொன்னபடி ஒழுங்காக நகரும். உள்ளே உயிர் போனாலும் வெளியே படலம் உயிரோடு இருக்கிறதே!

இனி, கம்பி மாட்டியதும் உள்ளே நடப்பது. பல் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும்போது, அந்தப் பக்கத்துப் படலம் கொஞ்சம் நசுங்குகிறது, எதிர்ப்பக்கம் கொஞ்சம் விரிகிறது. நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்ததும் செல்கள் ரசாயனச் சேதி அனுப்ப ஆரம்பிக்கின்றன. ஏறத்தாழ இரண்டு நாளில், ரத்தத்தின் வழியே ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பு தின்னும் செல்கள் வந்து சேர்ந்து, பல் போகவேண்டிய திசையில் இருக்கும் எலும்பைக் கரைக்கின்றன. விரிந்த பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் எலும்பு கட்டும் செல்கள் புது எலும்பைப் போட்டுக்கொண்டே பின்னால் வருகின்றன. முன்னால் வழி திறக்கிறது, பின்னால் அடைபடுகிறது, நடுவே பல் மெல்ல இடம் மாறுகிறது. உங்கள் மகளின் தாடையில் இந்த நிமிடமும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. கம்பி வெறும் சமிக்ஞைதான் கொடுக்கிறது.

அந்தச் சமிக்ஞைக்கு எவ்வளவு பலம் வேண்டும்? பல்லைச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம். வேரோடு நேராக நகர்த்த 70 முதல் 120 கிராம். கடையில் விற்கும் 50 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், ஒரு பல்லை நகர்த்த அது போதும். வறுத்த வேர்க்கடலையைக் கடிக்கும்போது மகளின் கடைவாய்ப்பல் மீது பல கிலோ விழுகிறது. அதில் பல் நகர்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கடியும் ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. படலத்தில் உள்ள திரவம் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் விரல் சப்பும் குழந்தைக்கு என்ன ஆகிறது? விரலின் அழுத்தம் சொற்பம். ராத்திரி முழுக்க நீடிப்பதால் முன்பல் எத்திக்கொண்டு வந்துவிடுகிறது. லேசான அழுத்தமானாலும் நாளில் ஐந்தாறு மணி நேரமாவது விடாமல் இருந்தால் உடம்பு அதைச் சேதியாக எடுத்துக்கொள்கிறது. பலத்தைவிட நேரத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

சரி, தம்பி சொன்னபடி முரட்டுத்தனமாக இறுக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நசுங்கும் பக்கத்தில் ரத்தக் குழாய்கள் ஒரேயடியாக மூடிக்கொள்கின்றன. எலும்பு தின்னும் செல்கள் ரத்தத்தின் வழியேதான் வரவேண்டும். குழாய் மூடினால் வருவது எப்படி? அந்த இடத்துச் செல்கள் செத்து, படலம் கண்ணாடிபோல் வெளிறிப்போகிறது. ஹையலினைசேஷன் என்பார்கள், கண்ணாடித்தன்மை அடைதல் என்று பொருள். 1904இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பவர் நாயின் பல்லை நகர்த்தி, தாடையை நுண்ணோக்கியில் பார்த்து இதை எழுதிவைத்தார். 1932இல் ஆஸ்திரிய நாட்டு ஷ்வார்ட்ஸ் ஒரு வரம்பும் சொன்னார்: படலத்தின் மீது விழும் அழுத்தம் நுண்குழாய்களில் உள்ள ரத்த அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். அந்த எண்ணைப் பிறகு வந்தவர்கள் முன்னே பின்னே திருத்தியிருக்கலாம். "லேசாக, விடாமல்" என்ற அடிப்படை மாறவில்லை.

செத்த இடத்தைத் துப்புரவு செய்ய, எலும்புக்கு உள்ளேயிருந்து, பின்வாசல் வழியாக, செல்கள் அரித்துக்கொண்டு வரவேண்டும். அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும். வலி மட்டும் இருக்கும். அதோடு போனாலும் பரவாயில்லை. முரட்டு பலத்தில் எலும்போடு சேர்த்து வேரின் நுனியும் கரைந்து, வேர் குட்டையாகிவிடக்கூடும். கரைந்த வேர் திரும்ப நீளாது.

இன்னொரு சேதமும் உண்டு, தம்பிக்கு இது உடனே பிடிபடும். முன்பற்களைப் பின்னால் இழுக்க, ரப்பரின் மறுமுனையைக் கடைவாய்ப்பல்லில்தான் மாட்டுகிறோம். இழுவிசை இரண்டு பக்கமும் சமம். லேசாக இழுத்தால், பெரிய வேர்கள் கொண்ட கடைவாய்ப்பல் அசையாமல் நின்று முன்பல் மட்டும் வரும். பலமாக இழுத்தால் கடைவாய்ப்பல்லும் முன்னால் சறுக்கிவரும். நான்கு நல்ல பற்களை எடுத்து உண்டாக்கிய இடத்தை அது தின்றுவிட்டால், எத்திய பல் எத்தியபடியே நிற்கும். எடுத்த பல் எடுத்ததுதான்.

இரண்டு வருடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அதற்கும் கணக்கு இருக்கிறது. எடுத்த முன்கடைவாய்ப்பல்லின் அகலம் சுமார் 7 மி.மீ. லேசான பலத்தில் பல் மாதம் ஏறத்தாழ 1 மி.மீ. நகரும். இடத்தை மூட மட்டும் ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதற்கு முன் கோணல்மாணலை வரிசைக்குக் கொண்டுவர நான்கைந்து மாதம். மூடிய பிறகு வேர்களை நிமிர்த்தி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கும்படி அமைக்க இன்னும் சில மாதம். நடுவில் ஒரு பிராக்கெட், அதாவது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய சதுரம், விழும்; ஒரு பரீட்சை வரும், ஒரு திருவிழா வரும். ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம் என்பது நியாயமான கெடு. அதிர்வுக் கருவி வாயில் வைத்தால் சீக்கிரம் முடியும் என்று விளம்பரம் வருகிறது. அதுபற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து எடைபோட்டவர்களுக்கு நம்பும்படியான பலன் தென்படவில்லை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

இப்போது ஃபீஸும் பஸ்ஸும். பெரும்பாலான கிளினிக்குகளில் மொத்தத் தொகையை முதலிலேயே பேசி, தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள். அப்படியானால் மாதாமாதம் உங்களை வரவழைப்பதில் டாக்டருக்கு லாபம் ஒன்றும் இல்லை, நாற்காலிதான் அடைபடும். நான்கு வாரம் என்ற இடைவெளி உடம்பு கேட்பது. கரைக்கும் வேலை முடிந்து, படலம் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதற்குள் மறுபடி இறுக்கினால் புண்ணின் மேல் புண். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பிராக்கெட்டிலும் உள்ள சின்ன ரப்பர் வளையத்தைக் கொக்கியால் நெம்பி எடுப்பார்கள், பழைய கம்பியை உருவுவார்கள், வேறொன்றைப் பதிப்பார்கள், நுனியை வெட்டுவார்கள். தொடக்கத்தில் 0.014 அங்குலத் தடிமன் கொண்ட உருண்டைக் கம்பி. போகப் போகத் தடிப்பு கூடி, கடைசியில் 0.019க்கு 0.025 அங்குலம் என்று செவ்வகக் கம்பி. "டைட்" என்று நாம் சொல்வது உண்மையில் இந்தக் கம்பி மாற்றத்தைத்தான்.

ஆனால் உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது, அதற்கு வழியும் இருக்கிறது. முதல் சில மாதங்களில் போடும் கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்பவர், ஏவுகணை வேலைக்காக உலோகக் கலவைகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, 1960ஐ ஒட்டிய வருடங்களில் அகப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். எவர்சில்வர் கம்பியில், பல் கொஞ்சம் நகர்ந்ததுமே பலம் இறங்கிவிடும். இந்தக் கலவை, பல் நகர நகர ஏறத்தாழ அதே லேசான பலத்தை வாரக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கித் தம்பியிடம் கொடுங்கள். விரலில் சுற்றிவிட்டு விடச் சொல்லுங்கள், சட்டென்று பழைய வளைவுக்கே திரும்பிவிடும். பட்டறைக்காரருக்கு நல்ல விளையாட்டுச் சாமான்.

ஆகவே பல்லை வரிசைப்படுத்தும் இந்தக் கட்டத்தில், "நாங்கள் மலையிலிருந்து வருகிறோம், ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதுமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பல பேருக்கு அது பொருந்தும். இடத்தை மூடும் கட்டத்தில் மட்டும் இது செல்லாது. அப்போது போடும் பவர் செயின், அதாவது சங்கிலி போன்ற ரப்பர், முதல் நாளிலேயே பாதிக்கு மேல் பலத்தை இழந்துவிடும். தேதி தள்ளினால் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் அத்தனை நாளும் சும்மா போகும்.

உங்கள் மகளுக்குப் போட்டவர் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல் சீரமைப்பில் மேற்படிப்பு படித்தவர்தானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. செலவு தாங்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு நம் மாவட்டத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி கிடைத்திருக்கிறது. ஆனால் கிளிப் போடும் தனித்துறை இருப்பது பல் மருத்துவக் கல்லூரிகளில்தான். நமக்குப் பக்கத்தில் அரசுக் கல்லூரி என்றால் சிதம்பரம், முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று இருந்தது. செலவு குறையும், பஸ் நேரம் கூடும். கள்ளக்குறிச்சியில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட நீங்கள் நடுவில் மாறாதீர்கள். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் முடிப்பது சிரமம்.

நான்கு நல்ல பற்களை எடுத்தது உங்களுக்கு உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. தாடை சிறிது, பற்கள் அகலம். இடம் இல்லாததால்தான் கோரைப்பல் வரிசைக்கு வெளியே ஏறியது. இடம் உண்டாக்காமல் நிமிர்த்தினால் எல்லாப் பற்களும் இன்னும் எத்தும். மேல்பல் எடுத்தால் கண் பார்வை போகும் என்று யாராவது வீட்டில் முணுமுணுத்தால், பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, இரண்டும் தனித்தனி வழி என்று சொல்லிவிடுங்கள்.

இனிமேல் சொல்வதை மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு வருட வேலை பாழாவது பெரும்பாலும் கம்பியால் இல்லை, பிராக்கெட்டைச் சுற்றித் தேங்கும் மாவால். ஒட்டும்போது எனாமலை, அதாவது பல்லின் மேல் ஓட்டை, அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி, பசை வைத்து, நீல ஒளி காட்டி இறுக வைக்கிறார்கள். அப்படி ஒட்டிய சதுரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓர் இடுக்கு உண்டாகிறது. அங்கே உணவு தங்கினால் கிருமி அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும், அமிலம் எனாமலின் சுண்ணாம்பை உருவும். சரியாகத் துலக்காத பல்லில் நான்கே வாரத்தில் வெள்ளைத் தழும்பு விழுவதைப் பார்க்க முடியும். கம்பியைக் கழற்றும் நாளில்தான் அது முழுதாகத் தெரியும்: பல் நேராக இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் சதுரமாக ஒரு சுண்ணாம்புக் கறை இருக்கும். இந்தக் காட்சியைவிட எனக்கு எரிச்சல் தருவது வேறில்லை.

துலக்குவது இப்படி: முதலில் பிரஷ்ஷை ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன அசைவாக. பிறகு எதிர்ச்சாய்வில், பிராக்கெட்டின் கீழ்ப்பக்கம். பிறகு கடிக்கும் முகமும் உள்பக்கமும். கம்பிக்கு அடியில் நுழைய, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவில் இன்டர்டென்டல் பிரஷ் என்று கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள். காலையிலும், மறக்காமல் படுக்கும் முன்பும், 1000 பி.பி.எம். அல்லது அதற்குமேல் ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்; பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு, டியூபின் மேலேயே அச்சிட்டிருக்கும். மதியம் பள்ளியில் தண்ணீர் வைத்து நன்றாகக் கொப்பளித்தாலே பாதிப் புண்ணியம். மலையில் கடுக்காய்ப் பொடியால் துலக்கும் வழக்கம் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் விரலும் பொடியும் கம்பிக்கு அடியில் போகாது. வேப்பங்குச்சியும் அப்படியே, பிராக்கெட்டைப் பெயர்த்தாலும் பெயர்க்கும். இரண்டு வருடம் அவற்றுக்கு விடுமுறை.

சாப்பாட்டில் இரண்டே விரோதிகள்: கடினமானது, ஒட்டுவது. கரும்பைப் பல்லால் உரிப்பது கூடவே கூடாது. கரும்பு ஆலை உள்ள ஊர்ப்பக்கம் இதைச் சொல்வது பாவம்தான், பொங்கலன்று சாறு பிழிந்து கொடுங்கள். மக்காச்சோளக் கதிரைக் கடிக்காமல் மணியை உதிர்த்துச் சாப்பிடலாம். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தால் நல்லது, சிப்ஸ் ஆனால் ஆகாது. முறுக்கு, கமர்கட்டு, கடலை மிட்டாய், பபிள்கம் நான்குக்கும் தடை. கொய்யாவைத் துண்டு போட்டுக் கொடுங்கள். பலாச்சுளை மென்மை, இனிப்பு என்பதால் தின்றதும் கொப்பளிக்க வேண்டும். சாமைச் சோறு தாராளமாக. டைட் வைத்த அன்றும் மறுநாளும் இட்லிகூடக் கனமாகத் தெரியும். அந்த இரண்டு நாளைக்குக் கேழ்வரகுக் களியை மிஞ்ச எதுவும் கிடையாது. மெல்லாமல் விழுங்கச் சொல்லும் உணவு வேறு எந்த நாட்டிலாவது உண்டா என்று தெரியவில்லை, கிளிப் போட்டவர்களுக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருக்கிறது.

அந்த வலி, கம்பி மாற்றிய சில மணி நேரத்தில் தொடங்கி, ஒரு நாளில் உச்சத்துக்குப் போய், ஐந்தாறு நாளில் அடங்கும். தாங்க முடியாவிட்டால் அவள் எடைக்கேற்ற பாராசிட்டமால். மருந்துக்கடையில் கொடுக்கும் மற்ற வலிமாத்திரைகளை, குறிப்பாக இபுபுரூஃபன் வகையை, டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் போடாதீர்கள். எலும்பு தின்னும் செல்களை அழைக்கும் ரசாயனத்தையும் அவை தடுக்கும் என்பதால், பல் நகர்வு மந்தமாகலாம். குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்தாலும் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். சில நிக்கல்-டைட்டானியம் கம்பிகள் சூட்டில் விறைத்துக் குளிரில் தளரும் ரகம்.

மலையில் இருக்கும் உங்களுக்கு ஒரு சிறு முன்னேற்பாடு தேவை. கிளினிக்கில் கொடுக்கும் மெழுகு டப்பாவை வீட்டில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி நுனி கன்னத்தில் குத்தினால், பட்டாணி அளவு மெழுகை உருட்டி, நுனியைத் துடைத்து, அதன் மேல் அப்பினால் போதும். பிராக்கெட் கழன்று கம்பியிலேயே ஆடிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள்; வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, உடனே வரவேண்டுமா, அடுத்த தேதிக்கு வந்தால் போதுமா என்று கேளுங்கள். கடைசிக் கடைவாய்ப்பல் பக்கம் கம்பி நழுவி ஈறில் ஏறியிருந்தாலோ, கன்னம் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம், பஸ் ஏறிவிடுங்கள். தம்பியின் பட்டறை பிளையரை மட்டும் வாய்ப்பக்கம் கொண்டுபோக வேண்டாம், எவ்வளவு சின்ன பிளையராக இருந்தாலும்.

கம்பி கழற்றிய பிறகு பெரும்பாலோர் கோட்டைவிடும் ஒன்றையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பல் புது இடத்துக்கு வந்தாலும், ஈறுக்குள் இருக்கும் நார்கள் பழைய இடத்தை நோக்கியே முறுக்கிக்கொண்டிருக்கும். வேரைச் சுற்றிய படலம் மூன்று நான்கு மாதத்தில் ஒழுங்காகிவிடும்; ஈறின் மேல்பகுதி நார்கள் பழகிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்காகத்தான் ரீடெய்னர், அதாவது பல்லை அங்கேயே பிடித்துவைக்கும் தகடு. முதலில் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும், டாக்டர் சொல்லும் காலம் வரை. கழற்றினால் டப்பாவில் போடவேண்டும். காகிதத்தில் சுற்றி வைத்த ரீடெய்னர் குப்பைக்குப் போன கதைகளுக்குக் கணக்கில்லை. பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். நாலு நாள் போடாமல் விட்டு மறுபடி மாட்டும்போது இறுக்கமாகத் தெரிந்தால் பல் திரும்ப நகர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பலவந்தமாகத் திணிக்காமல் அந்த வாரத்திலேயே கொண்டுபோய்க் காட்டுங்கள்.